அஞ்சும் நெஞ்சம் குற்றமுடையதா?

இறைவனிடம் நம்பிக்கை உடையவனுக்கு அச்சம் ஏன் வர வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிறரைப் பார்த்துக் கேட்பவர்களைவிடத் தம்மையே பார்த்துக் கேட்டுக்கொள்பவர்கள் அதிகம். நாள்தோறும் விளக்கேற்றி வழிபடுகிறார். நாம ஜபத்தை விட்டதில்லை. ஆயினும் நள்ளிரவில் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. அடுத்த நொடியே உயிர் பிரிந்துவிடும் என்று தோன்றுகிறது. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, 'இதயத்தில் குறை ஒன்றும் இல்லை, மனப் பதற்றம்தான்' என்கிறார். அந்தச் சொல் ஆறுதலைத் தர வேண்டும். பலருக்கு அது வெட்கத்தையே தருகிறது. 'என் பக்தி அவ்வளவுதானா? இத்தனை ஆண்டு வழிபாடு ஒரு படபடப்பைக்கூட அடக்கவில்லையே!' என்று உள்ளம் குமைகிறது. நோயாக இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று எண்ணுவோரும் உண்டு.

இந்த வெட்கம் நியாயமானதா? அஞ்சுகிறவனைப் பார்த்து 'அஞ்சாதே' என்று சொல்லிவிட்டு நகர்வது அறமா? இவ்விரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்கள். அச்சத்துக்குக் காரணமே இல்லாத இடத்தில் இதைப் பேசினால் விடை எளிதாகிவிடும். ஆகவே, அச்சத்துக்கு உண்மையான காரணம் இருக்கும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம்.

தமிழகத்தை ஒட்டிய கேரளத்தின் மலைப்பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மக்கள் வாழ்ந்து வருகிறார்கள். இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு. பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டாரம், நெல்லியாம்பதியின் எஸ்டேட்டுகள். தேயிலையும் ஏலமும் இவர்களுடைய உழைப்பால் வளர்ந்தவை. நீண்ட வரிசையாகக் கட்டப்பட்ட சிறு வீடுகளை இங்கே 'லயம்' என்பார்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரே சுவர். ஒரு வீட்டில் குழந்தை இருமினால் அடுத்த வீட்டுத் தாய் விழித்துக்கொள்வாள். லயத்தின் பின்னால் மலைச்சரிவு, முன்னால் ஓடை. சுற்றுலா வருவோரின் நிழற்படத்தில் அது அழகு. ஆனி, ஆடி மாதங்களில் அங்கே படுத்து உறங்க வேண்டியவர்களின் எண்ணம் வேறு.

மழை அம்மலைகளுக்குப் புதிதன்று. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தை, கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால், 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே இன்றும் கேரளத்தில் சொல்கிறார்கள். மூணாறில் ஓடிய குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில் பாதை அதில் அழிந்தது. மீண்டும் அமைக்கப்படவே இல்லை. 2018 ஆகஸ்டில் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டன. அதே மாதத்தில் நெல்லியாம்பதிச் சாலை பல இடங்களில் சிதைந்து, மலைமேல் இருந்தவர்கள் கீழே வர வழியின்றித் தவித்தார்கள்.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த இராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த லயங்களின்மேல் மண்ணும் பாறையும் நீரும் இறங்கின. 70 பேர் மாண்டார்கள். 66 உடல்கள் கிடைத்தன. நால்வர் கிடைக்கவே இல்லை. மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பக்கம் வேர்கொண்டவர்கள் பலர். மழையால் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அறுந்து கிடந்ததால், செய்தி வெளியே வந்தது மறுநாள் காலையில்தான். கிடைத்த உடல்களை இராஜமலையிலேயே வரிசையாக அடக்கம் செய்தார்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் இன்னும் பெரிய அழிவு நிகழ்ந்தபோது, இடுக்கியின் ஒவ்வொரு லயத்திலும் பெட்டிமுடி மீண்டும் நினைவுக்கு வந்திருக்கும்.

இப்போது, அம்மலைகளில் ஒரு லயத்து வீட்டில் இருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். இரவு பதினொரு மணி. தகரக் கூரைமேல் மழை வலுக்கிறது. அவளுடைய நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கணவனும் குழந்தைகளும் உறங்குகிறார்கள். அவள் முருகனை நினைக்கிறாள், மாதாவை நினைக்கிறாள், அல்லாவை அழைக்கிறாள்; எந்தப் பெயரானால் என்ன, படபடப்பு நிற்கவில்லை. இவளுக்கு நம்பிக்கை குறைவு என்று சொல்ல நமக்குத் துணிவு உண்டா?

அவள் நெஞ்சுக்குள் நிகழ்வதை முதலில் அறிந்துகொள்வோம்; அறியாமல் அறம் பேசுவதில் பயனில்லை. இதயத்தின் வலது மேலறையில் உள்ள சிறியதொரு திசுக்கூட்டம் துடிப்பின் தாளத்தை வகுக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்புகள். இவ்வளவையும் நாம் கவனிப்பதே இல்லை. ஆபத்து என்று மூளை முடிவு செய்த கணமே, சிறுநீரகங்களின்மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. துடிப்பு விரைகிறது, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது, வாய் உலர்கிறது, வயிறு கலங்குகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிவிட்டது. ஆனால் அந்தத் தாய் ஓடவில்லை, படுத்திருக்கிறாள். கால்களுக்காகத் திரட்டிய விசை செலவாகாமல் நெஞ்சிலேயே நின்று முழங்குகிறது. சில வேளைகளில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும். அதன்பின் சிறிய இடைவெளி. அடுத்த துடிப்பு, கூடுதல் இரத்தத்தைத் தள்ளுவதால், 'திடும்' என்று விழும். 'இதயம் நின்று மறுபடி ஓடியது' என்று அவள் நடுங்குவது இதைத்தான். நலமான இதயங்களிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு. தனித்து வரும்போது பெரும்பாலும் தீங்கற்றது.

உடல் இங்கே தவறு எதுவும் செய்யவில்லை. தன் கடமையைத்தான் செய்கிறது. குழந்தைகளைக் காக்க வேண்டியவளை அது எழுப்பி உட்காரவைத்திருக்கிறது. இதைப் பக்திக் குறைவு என்பது, பசி எடுப்பதைப் பக்திக் குறைவு என்பதற்கு ஒப்பாகும்.

எல்லாப் படபடப்பும் பதற்றத்தால் வருவதன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரத்தசோகை, தைராய்டு மிகுதி, காய்ச்சல், இதயத்தின் தாளக்கோளாறு ஆகியவையும் இதே முகத்துடன் வரும். கொழுந்து பறிக்கும் பெண்களில் எத்தனையோ பேர் இரத்தசோகையைச் 'சும்மா ஒரு அசதி' என்று சொல்லிக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். ஆகவே ஒரு முறையேனும் மருத்துவரிடம் சென்று, ஈ.சி.ஜி. எடுத்து, இரத்தமும் தைராய்டும் பார்த்துவிட வேண்டும். படபடப்போடு மயக்கம், நெஞ்சு வலி, கடும் மூச்சுத்திணறல் வந்தாலோ, உழைக்கும்போதே படபடப்பு தொடங்கினாலோ, குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென இறந்திருந்தாலோ தாமதம் கூடாது. அண்டை வீட்டார் விழுங்கும் மாத்திரையை வாங்கி விழுங்குவதும் கூடாது. படபடப்புக்கென்று தரப்படும் புரோப்ரனலால் போன்ற மாத்திரைகள் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிறைப்பைக் கடுமையாக்கிவிடும். குளிர் மிகுந்த மலையூர்களில் இதை மறக்கலாகாது. 'எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்' என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதை நான் சரணாகதியாகக் கொள்ளமாட்டேன். மருத்துவரையும் அவன்தானே அனுப்பியிருக்கிறான்!

நெஞ்சுப் படபடப்பு கோழைகளின் நோய் என்ற எண்ணம் நெடுங்காலமாக உண்டு. அதைப் பொய்யாக்கியவர்கள் போர்வீரர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய மருத்துவர் ஜேக்கப் டகோஸ்டா, படபடப்பாலும் நெஞ்சு வலியாலும் வாடிய முந்நூறு வீரர்களை ஆராய்ந்து 1871இல் எழுதினார். இதயத்தின் அமைப்பில் நோய் காணப்படவில்லை. துன்பமோ மெய்யாக இருந்தது. பீரங்கிகளுக்கு முன்னால் நின்றவர்களைக் கோழைகள் என்று எவரும் சொல்ல இயலவில்லை. 'போர்வீரனின் இதயம்' என்றே அந்நிலைக்குப் பெயர் வழங்கலாயிற்று.

இதன் தொடர்ச்சி இன்னும் சுவையானது. ஆஸ்திரேலியாவில் 1903இல் பிறந்த கிளேர் வீக்ஸ் என்ற பெண்மணி, இளவயதில் காசநோய் என்று தவறாகக் கருதப்பட்டு மாதக்கணக்கில் ஓய்வில்லத்தில் வைக்கப்பட்டார். செய்வதற்கு வேலையில்லை, தம் நெஞ்சின் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பதே வேலையாயிற்று. வெளியே வந்தபோது படபடப்பு முன்னைவிட மோசமாகியிருந்தது. முதல் உலகப் போரில் களம் கண்ட ஒரு நண்பரிடம் இதைச் சொல்ல, பதுங்குகுழிகளில் எங்களுக்கெல்லாம் இதுதானே நிகழ்ந்தது, வெறும் பயத்தின் வேலை என்று அவர் இயல்பாகச் சொன்னாராம். அந்த ஒரு விளக்கம் அவருக்குக் கண் திறந்தது. துடிப்பைக் கண்டு அஞ்சியதே துடிப்பை வளர்த்தது என்று உணர்ந்தார். பிற்காலத்தில் மருத்துவராகி, 1962 முதல் நூல்கள் எழுதி, உலகெங்கும் பலருக்கு வழிகாட்டினார். தானாக எழுவது முதல் அச்சம்; 'ஐயோ, மறுபடியும் வந்துவிட்டதே' என்று நாம் அதன்மேல் ஏற்றுவது இரண்டாம் அச்சம் என்று அவர் பிரித்துக் காட்டினார். முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவதை ஏற்றாமல் இருக்கப் பழகலாம். படபடப்பை எதிர்த்துப் போராடாமல், அது வர இடம்கொடுத்து, வந்ததைப் பார்த்துக்கொண்டே கைவேலையைத் தொடர்வதே அவர் காட்டிய வழி.

சாட்சியாக இருந்து பார்ப்பதைப் பற்றி நம் நாட்டில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். அதைச் சமாதி நிலைக்கே உரியதாக எங்கோ உயரத்தில் வைத்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது மறந்துவிடுகிறோம். 'நெஞ்சு துடிக்கிறது, அதை நான் அறிகிறேன், அறிகிற நான் துடிக்கவில்லை' என்று ஒரு கணம் நின்றால் அதுவும் சாதனைதான். பக்தியைக் குறித்து வெட்கப்படுவது, இக்கணக்கின்படி, இரண்டாம் அச்சத்தின் ஒரு வகை. சமய வேடம் பூண்டு வருவதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்மூச்சின்போது துடிப்பு சற்று விரைவதும், வெளிமூச்சின்போது சற்றுத் தணிவதும் உடலின் இயற்கை. வேகஸ் என்னும் நரம்பு வழியே இது நடைபெறுகிறது. ஆகவே வெளிமூச்சை உள்மூச்சைவிட நீளமாக, அவசரமின்றி விடுவது துணைபுரியும். வழக்கமாகச் சொல்லும் நாமத்தை வெளிமூச்சோடு இணைத்துச் சொல்லலாம். படபடப்பின் நடுவே மூச்சை அடக்கிக் கும்பகம் பழகுவது வேண்டாம். அது பலருக்குத் திணறலையே தரும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. படபடப்பை நிறுத்தியே தீருவேன் என்று ஜபம் செய்தால் ஒவ்வொரு நாமத்துக்கும் ஒருமுறை நாடியைப் பிடித்துப் பார்க்கத் தோன்றும். அது ஜபமாகாது, துடிப்பை எண்ணுவதாகும். நிற்கட்டும், நிற்காமல் போகட்டும் என்று நாமத்தைச் சொல்பவருக்கே அது விரைவில் அடங்குகிறது. மாலைக்குமேல் கட்டித் தேநீரைக் குறைத்துக்கொள்வதும் நல்லது. தேயிலைத் தோட்டத்தில் வாழ்பவர்களிடம் இதைச் சொல்வது சற்றுக் கொடுமைதான்!

இனி, அறம் பற்றிய கேள்விக்கு வருவோம். குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனுக்கு நிகழ்ந்ததைக் கீதையின் முதல் அத்தியாயம் உடலின் மொழியிலேயே சொல்கிறது. உறுப்புகள் சோர்கின்றன, வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, மயிர்க்கூச்செறிகிறது, தோல் எரிகிறது, வில் நழுவுகிறது, நிற்க முடியவில்லை, மனம் சுழல்கிறது. இன்றைய மருத்துவர் ஒருவர் குறித்துக்கொள்ளக்கூடிய பட்டியல்! தன் உயிருக்காக அவன் நடுங்கவில்லை. உற்றார் அழிவார்களே என்று நடுங்கினான். லயத்துத் தாயின் நடுக்கமும் அத்தகையதே.

'கண்ணனே அர்ஜுனனைக் கடிந்துகொண்டானே! அஞ்சுகிறவனைக் கடிந்துகொள்வது தவறா?' என்று சிலர் கேட்பார்கள். உண்மை, கடிந்துகொண்டான். இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் இரண்டே சுலோகங்களில் அது முடிந்துவிடுகிறது. அதனால் விளைந்தது என்ன? அர்ஜுனன் எழவில்லை. தன் கலக்கத்தை இன்னும் விரிவாகச் சொல்லி, சீடனாகச் சரணடைந்து, போர் புரியமாட்டேன் என்று கூறி மௌனமானான். அதன்பிறகுதான் உபதேசம் தொடங்குகிறது. பதினெட்டாம் அத்தியாயம்வரை நீள்கிறது. இடையிடையே அர்ஜுனன் ஐயம் கேட்கிறான், முரண்படுகிறான், ஒரு கட்டத்தில் முன்னைவிட அதிகமாக நடுங்குகிறான். கண்ணன் தேரைவிட்டு இறங்கவில்லை. பதற்றத்தில் உள்ளவரிடம் இரண்டு கடுஞ்சொற்களைக் கூறிவிட்டு, 'கீதை சொன்னேன்' என்று எழுந்து போகிறவர்கள், எஞ்சிய பதினேழு அத்தியாயங்களைப் படித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

மறுபக்கமும் உண்டு. அச்சம் எழும்போதெல்லாம் அதற்குக் கீழ்ப்படிவதும் வாழ்க்கை ஆகாது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடையார் செயல் என்பது திருவள்ளுவர் கருத்து. அதை அவர் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை நெஞ்சு அறியாது. சாதாரண மழைக்கும் மலையைப் பெயர்க்கும் மழைக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. இரண்டுக்கும் ஒரே மாதிரி துடிக்கும். பிரித்தறிவது புத்தியின் வேலை. சரிவில் புதிதாக வெடிப்பு தோன்றியிருக்கிறதா, ஊற்று நீர் திடீரெனக் கலங்கி வருகிறதா, ஓடை பெருமழையிலும் வற்றுகிறதா, மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்திருக்கின்றனவா, வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றுள் ஒன்று இருந்தாலும் அங்கே மூச்சுப்பயிற்சி செய்துகொண்டு படுத்திருப்பது மடமை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பாதுகாப்பான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். ஒன்றும் நிகழாமல் மறுநாள் திரும்பினால் யாரும் சிரிக்கலாகாது.

பெரியாற்றுக் கரையில் இது மேலும் சிக்கலாகிறது. 1895இல் நிறைவேறிய முல்லைப்பெரியாறு அணையை நினைத்து வண்டிப்பெரியாற்றுப் பக்கம் சிலர் மழைக்காலத்தில் உறக்கம் இழக்கிறார்கள். அதே அணையின் நீர் வராமற்போனால் என்ன ஆகும் என்று தேனி மாவட்டத்து உழவர்கள் உறக்கம் இழக்கிறார்கள். வழக்கும் தீர்ப்பும் நிபுணர் ஆய்வும் அவற்றின் வழியில் செல்லட்டும். இரு கரையிலும் துடிப்பவை மனித நெஞ்சங்களே. சரிபார்க்காத ஒரு செய்தியையோ பழைய காட்சிப்பதிவையோ நள்ளிரவில் கைபேசியில் அனுப்புகிறவர், முன்பின் அறியாத ஆயிரம் பேரின் நெஞ்சைப் படபடக்கவைக்கிறார். அகிம்சையை விரதமாகக் கொண்டோர் இதையும் ஹிம்சையின் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்விக குணங்களைச் சொல்லத் தொடங்கும்போது, அபயம் என்பதையே முதலாவதாகச் சொல்கிறது. அபயம் என்றவுடன் நாம் அஞ்சாமை என்று பொருள்கொண்டு, அதை அஞ்சுகிறவரிடம் கேட்கிறோம். ஆனால் நம் கோயில்களில் தெய்வத்தின் உயர்த்திய கை காட்டுவது என்ன? அபயம் அங்கே கொடுக்கப்படுகிறது. அபயதானம் என்ற சொல்லும் நம்மிடம் உண்டு. கொடுப்பதற்குரிய ஒன்றை, இல்லாதவரிடம் போய் 'ஏன் இல்லை?' என்று கேட்பது விந்தையல்லவா?

உறுதியான காங்கிரீட் கூரையின்கீழ், சமவெளியில் இருந்துகொண்டு, மலைச்சரிவில் படுத்திருப்பவளுக்குத் தைரியம் போதிப்பது நமக்குச் செலவில்லாத தர்மம். அவளுக்கு மூச்சைப் பழக்குவதும் தியானம் சொல்லித்தருவதும் நல்லதே. ஆனால் சரிவின் அடியில் வீட்டை அப்படியே வைத்துவிட்டு மூச்சை மட்டும் சொல்லித்தருவோமானால், அவளுடைய அச்சத்தைத் தணிப்பதாகச் சொல்லி நம்முடைய குற்ற உணர்வைத் தணித்துக்கொள்கிறோம். பெட்டிமுடியில் தப்பியவர்களுக்குக் குட்டியாறுப் பகுதியில் வீடுகள் கட்டித் தரப்பட்டன. அந்தச் சுவர்களும் அபயமே. மழையிலும் அறுந்துபோகாத தொலைபேசித் தொடர்பு அபயம். மலையூருக்கு வந்து தமிழில் கேட்டுத் தமிழில் பதில் சொல்லும் செவிலி அபயம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைத்து, தமிழிலோ மலையாளத்திலோ மனநல ஆலோசகரிடம் பேசலாம். இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி லயத்துச் சுவரில் ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

அண்டை வீட்டாருக்கும் பங்கு உண்டு. நடுச்சுவருக்கு அப்பால் ஒருத்தி விழித்திருக்கிறாள் என்று தெரிந்தால், 'சாமியைக் கும்பிட்டுட்டுப் படு, ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுப்பது ஒரு வழி. ஒன்றும் ஆகாது என்பது நமக்கு எப்படித் தெரியும்? இன்னொரு வழி, எழுந்து போய், விளக்கை ஏற்றி, அருகில் உட்காருவது. 'எனக்கும் தூக்கம் வரல அக்கா' என்று உள்ளதைச் சொல்வது. இருவருமாகச் சேர்ந்து ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ், பெரியவர்களின் மாத்திரை, டார்ச் விளக்கு ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கதவோரம் மாட்டிவைப்பது. கைகளுக்கு வேலை கிடைத்தவுடன் நெஞ்சின் விசையும் சற்றுச் செலவாகிறது. கதவைத் திறந்து ஓடையின் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட்டு, இன்று நீர் எவ்வளவு என்று பேசிக்கொள்கிறார்கள். பிறகு ஒருத்தி ஒரு மணி நேரம் விழித்திருக்க, மற்றவள் கண்ணயர்கிறாள். விடிந்தால் கொழுந்துக்குப் போக வேண்டும்.